நேரம் உங்கள் கையில் என்று சொன்னது யார்?

பிழை கண்ணில் பட்டால் சும்மா விட முடியாதவர், எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பவர், ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி அலுவலகம் போக முடியாதவர். இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கென்றே சில வேலைகள் காத்திருக்கின்றன என்ற நம்பிக்கை இன்று கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. மெய்ப்பு பார்த்தல், மருத்துவர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், டேட்டா என்ட்ரி, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுதல், படங்களுக்கு வசன வரி போடுதல் என்று ஒரு பட்டியல் கையில் கொடுக்கப்படுகிறது. வேலைவாய்ப்பு மலர்களில் அது வருகிறது. மகளிர் இதழ்களில் வருகிறது. கல்லூரி வழிகாட்டல் கூட்டங்களில் மேடையேறி ஒருவர் சொல்கிறார். வீட்டிலும் யாராவது ஒருவர் மருமகளுக்கு எடுத்துச் சொல்கிறார். இந்த நம்பிக்கை தவறானது, அதை நம்பிப் போகிறவர்களுக்குத் தீங்கு செய்வது என்பதே என் கட்சி.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். அவர்கள் சொல்வது இது. துல்லியம் சிலருக்கு இயல்பிலேயே அமைந்த குணம்; அந்தக் குணத்துக்குச் சந்தையில் விலை உண்டு. வேலையை எப்போது செய்வது என்பதை அவரவரே முடிவு செய்யலாம். செய்த அளவுக்குக் கூலி என்பதால் ஏமாற்று இல்லை. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும். தலைக்கு மேல் நின்று விரட்ட மேலாளர் கிடையாது. கைக்குழந்தை உள்ளவர், படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், படியேற முடியாதவர், நாளுக்கு இரண்டு முறை மட்டும் பேருந்து வரும் ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு இதைவிட்டால் வேறு வாசல் இல்லை.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வேலைகளைச் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். உலகத்தின் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோத்துப் பிழை திருத்தி அனுப்பும் ஊர்களாகச் சென்னையும் புதுச்சேரியும் வளர்ந்தது இத்தகையவர்களின் கண்ணாலும் கையாலும்தான். வேலையின்மீது எனக்குக் குறை இல்லை. அதை விற்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றின்மீதும் இருக்கிறது.

1. துல்லியம் பிறவிக் குணம் என்பது முதல் பிழை.

குணம் என்றால் காலையிலும் இருக்க வேண்டும், இரவு பதினொன்றுக்கும் இருக்க வேண்டும். துல்லியம் அப்படி இருப்பதில்லை. 1948இல் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டார். போர்க்காலத்தில் ராடார் திரை முன் அமர்ந்தவர்கள், திரையில் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளையே சிறிது நேரத்துக்குப் பின் தவறவிட்டது ஏன் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. எண்களே இல்லாத கடிகார முகம் ஒன்றை எதிரில் வைத்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது அதிகரித்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள், அக்கறை குறையாதவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

கவனம் செலவாகும் பொருள். ஓய்வு கிடைத்தால்தான் திரும்ப வரும். இடையூறு இல்லாத நேரம் கிடைத்தால்தான் நிற்கும். நல்ல மெய்ப்பாளர் என்று நாம் சொல்வது பாதி அவருடைய பயிற்சியை. மறுபாதி, அவருக்குக் கிடைத்த மேசையை, வெளிச்சத்தை, குறுக்கீடு இல்லாத இரண்டு மணி நேரத்தை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறது? இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரம் ஒரே மூட்டையாக வருவதில்லை. நாள் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. நாவல் ஒன்றின் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 112ஆம் பக்கத்தில் கதாபாத்திரத்தின் பெயர் ‘சண்முகம்’ என்று வருகிறது. 47ஆம் பக்கத்தில் ‘ஷண்முகம்’ என்று பார்த்தோமா? அந்தப் பழைய பக்கம் மனத்தில் உயிரோடு இருக்கும்வரைதான் கண் இதைப் பிடிக்கும். இடையில் குக்கர் மூன்று விசில் அடித்து, சிலிண்டர்காரர் வந்து போய், பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடித்தால் 47ஆம் பக்கம் போய்விட்டது. பிழை தப்பிவிட்டது. இந்த வேலையைப் பெண்களுக்குப் பரிந்துரைக்க எந்த நிலைமையைக் காரணமாகச் சொல்கிறார்களோ, அந்த நிலைமைதான் துல்லியத்துக்கு முதல் எதிரி. பரிந்துரைப்பவர்கள் இந்த முரண்பாட்டை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

2. செய்த அளவுக்குக் கூலி என்பது நியாயமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பக்கத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு பக்கம் ஓட்டிவிடுகிறார். அவருக்கு 240 ரூபாய். இன்னொருவர் சந்தேகம் வந்த இடத்தில் அகராதியைத் திறக்கிறார். மேற்கோளை மூல நூலோடு ஒப்பிடுகிறார். அட்டவணையின் கீழே இருக்கும் கூட்டுத்தொகையைத் தானே கூட்டிப் பார்க்கிறார். அவரால் ஆறு பக்கம்தான் முடிகிறது, 120 ரூபாய். இருவரில் நுணுக்கமானவர் யார்? அதிகம் சம்பாதித்தவர் யார்? நுணுக்கமானவர்களுக்கு ஏற்ற தொழில் என்று எதை விளம்பரப்படுத்துகிறார்களோ, அதன் கூலி முறையே நுணுக்கத்துக்கு அபராதம் போடுகிறது. எங்கோ நடக்கும் முறைகேட்டைச் சொல்லவில்லை. நாணயமாக, ஒரு ரூபாயும் பிடிக்காமல் கொடுக்கும் இடத்திலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே கூலியின் அலகு வரி. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு வரி என்பது அந்தத் தொழிலில் பரவலான கணக்கு. காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒலிப்பதிவை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் ஒரு பெடல். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் காரில் போய்க்கொண்டே நோயாளியின் விவரத்தைச் சொல்கிறார். மருந்தின் பெயர் தெளிவாகக் கேட்கிறது. அளவு சொல்லும்போது பக்கத்தில் லாரி ஒன்று கடக்கிறது. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? தட்டச்சு செய்பவர் பெடலை அழுத்திப் பின்னால் ஓட்டுகிறார். மறுபடி கேட்கிறார். வேகத்தைக் குறைத்துக் கேட்கிறார். அந்த மருந்து வழக்கமாக எந்த அளவுகளில் வருகிறது என்று தேடுகிறார். இரண்டு அளவிலும் வருகிறது. நோயாளியின் பழைய அறிக்கை கிடைக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை. கடைசியில் செய்யக்கூடிய நேர்மையான காரியம் ஒன்றுதான்: இடத்தைக் காலியாக விட்டு, நேரத்தைக் குறித்து, மேலே அனுப்புவது.

பத்து நிமிடம் போய்விட்டது. கூலி எவ்வளவு? அந்த எண்ணில் இருப்பது இரண்டே எழுத்து. 65இல் இரண்டு பங்கு. காலியிடங்கள் அதிகமானால் தர மதிப்பெண் குறையும். மதிப்பெண் 98 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த கோப்புகள் வருவது குறையும். ஊகித்து எழுதினால் கூலி முழுசாகக் கிடைக்கும், யாரும் கண்டுபிடிக்காமலும் போகலாம். கண்டுபிடிக்கப்படாத பிழை அட்லாண்டிக்குக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவரின் உடம்புக்குள் போகும்.

இந்த ஏற்பாட்டில் ஒருவர் சில ஆண்டுகள் இருந்தால் என்ன ஆகும்? ஒன்று, எவ்வளவு கவனம் கட்டுப்படியாகும் என்று கற்றுக்கொண்டு அந்த எல்லையோடு நிறுத்திக்கொள்வார். அல்லது, மனம் ஒப்பாமல் தூக்கத்திலிருந்து நேரத்தை எடுத்து வேலையில் போடுவார். அல்லது விலகிவிடுவார். விலகுகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் குணத்துக்காக அழைக்கப்பட்டார்களோ அந்தக் குணம் மிகுந்தவர்கள்.

3. நேரம் உங்கள் கையில் இருக்கிறதா, கெடு இன்னொருவர் கையில் இருக்கிறதா?

வேலையை எப்போது தொடங்குவது என்பது உங்கள் விருப்பம். எப்போது முடிப்பது என்பது உங்கள் விருப்பம் இல்லை. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது ஏமாற்று.

கணக்கு எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.யில் மாதாமாதம் தாக்கல் செய்யும் வணிகருக்கு, விற்பனை விவரத்தைச் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. பிடித்தம் செய்த வருமான வரியை 7ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கடைக்காரர் பில்களை என்றைக்குத் தருவார்? 9ஆம் தேதி இரவு, கடை சாத்திய பிறகு, மஞ்சள் பையில் போட்டு. பாதி பில்லில் வாங்கியவரின் ஜி.எஸ்.டி. எண் நனைந்து அழிந்திருக்கும். பதினைந்து எழுத்தில் ஒரு எழுத்து மாறினாலும் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் கடைக்காரரைப் பிடிப்பார், கடைக்காரர் உங்களைப் பிடிப்பார். மாதத்தில் இருபது நாள் வேலை இல்லாமல், பத்து நாள் தூக்கம் இல்லாமல் இருப்பதற்கு ‘வசதியான நேரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டிரான்ஸ்கிரிப்ஷனிலும் அப்படியே. அமெரிக்க மருத்துவர் பிற்பகல் பணியை முடிக்கும் வேளை நமக்கு நள்ளிரவைத் தாண்டிவிடும். அவசரம் என்று குறிக்கப்பட்ட அறிக்கைக்குச் சில மணி நேரம்தான் கெடு. அன்று கோப்பு வருமா வராதா என்று கணினியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரம் யார் கணக்கிலும் சேராது. அலுவலகத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் உண்டு. வீட்டில் காத்திருப்பு இனாம்.

4. மேலாளர் இல்லை என்று யார் சொன்னது? நிராகரிக்கும் உரிமை உள்ளவர்தான் மேலாளர்.

இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுத் தொழிலாளர் வரலாறு எப்போதோ தெளிவான பதிலைச் சொல்லிவிட்டது. படித்தவர்கள் அதைத் தங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்ததால் மறந்துவிட்டோம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் நேரம் தங்கள் கையில் உள்ளவர்கள்தான். சமையலுக்கு நடுவில் சுற்றலாம், பிள்ளை தூங்கும்போது சுற்றலாம். இலையும் தூளும் முதலாளி தருவார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நறுக்கு சரியில்லை, சுற்று தளர்ந்துவிட்டது என்று கட்டுகளைக் கழித்துவிடும் உரிமை கணக்குப்பிள்ளைக்கு. கழித்ததற்குக் கூலி கிடையாது.

1966இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டில் வைத்துச் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று அது வரையறுத்தது. அதன் 39ஆம் பிரிவு, மூலப்பொருள் கொடுப்பதிலும், செய்த பீடியை நிராகரிப்பதிலும், நிராகரித்த பீடிக்கான கூலியிலும் தகராறு வந்தால் அதைச் சுருக்கமாக விசாரித்துத் தீர்க்க மாநில அரசு ஓர் அதிகாரியை ஏற்படுத்த வேண்டும் என்றது. பீடி உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிறகு வருங்கால வைப்பு நிதியில் தகராறு வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, அவர்களை நாங்கள் மேற்பார்வையிடுவதே இல்லை என்று உற்பத்தியாளர்கள் வாதாடினார்கள். 1985இல் பி.எம். பட்டேல் அண்ட் சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரக்கைப் பார்த்து நிராகரிக்கும் உரிமை உங்களிடம் இருக்கும்போது அதுவே கட்டுப்பாட்டுக்கும் மேற்பார்வைக்கும் சான்று என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதை அப்படியே நம் பட்டியலின் மேல் வைத்துப் பாருங்கள். கோப்பு அவர்களுடையது. எழுத்து நடை விதிகள் அவர்களுடையவை. மென்பொருள் அவர்களுடையது. தர மதிப்பெண் போடுகிறவர் அவர்களுடைய ஆள். நிராகரிக்கும் உரிமை முழுக்க அவர்களிடம். ஆனால் ஒப்பந்தத்தில் நீங்கள் ‘சுதந்திரமாகச் சேவை வழங்குபவர்’. வைப்பு நிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, பேறுகால விடுப்பு இல்லை. கழித்துவிட்ட பீடிக்கு முறையிட ஒரு இடம் 1966இலேயே சட்டப் புத்தகத்தில் இருந்தது. கழித்துவிட்ட கோப்புக்கு இன்றுவரை இல்லை. பட்டம் பெற்ற பெண்ணின் நிலைமை பள்ளிக்கூடம் போகாத பெண்ணின் நிலைமையைவிட ஒரு படி கீழே இருக்கிறது என்பதை இந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பீடிச் சட்டமும் இப்போது 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களுக்குள் அடங்கிவிட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஒரு வரையறை இருக்கிறது. ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் வைத்து, அரசு எப்போதாவது அறிவிக்கும் திட்டங்களுக்குக் காத்திருக்கச் சொல்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவரை மற்ற கூலிக்காரர்களுக்குச் சமமாக நடத்தக் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

5. யாரும் சேரலாம் என்பது பெருமையா?

முதலீடு வேண்டாம், கணினியும் கவனமும் போதும் என்று சொல்லிச் சொல்லி ஒரு பெரிய கூட்டத்தை நம்பவைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை மோசடிக்காரர்கள் அறுவடை செய்கிறார்கள். முறை ஒன்றுதான். படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை. சில நாள் கெடு. இத்தனை சதவீதத் துல்லியம் இருந்தால் பணம். கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கிக்கொள்வார்கள். வரும் படங்கள் வேண்டுமென்றே மங்கலாக இருக்கும். வேலையை முடித்து அனுப்பியதும் துல்லியம் போதவில்லை என்பார்கள். அடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இவ்வளவு ஆயிரம் கட்டுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம். மாட்டிக்கொள்கிறவர் எதற்குப் பயப்படுகிறார்? தான் உண்மையிலேயே பிழை செய்துவிட்டோமோ என்றுதான். கவனமானவர்களைக் குறிவைத்துச் செய்யப்பட்ட பொறி இது. அலட்சியக்காரர் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடுவார். இப்படி வந்தால் பணம் கட்ட வேண்டாம். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். பட்டியல் போடும் கட்டுரைகளில் இந்த எண்ணையாவது சேர்த்திருக்கலாம்.

6. இயந்திரம் வந்துவிட்டதால் வேலை சுலபமாகிவிட்டதாம்.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் வந்தபின் டிரான்ஸ்கிரிப்ஷனில் தட்டச்சு குறைந்து, இயந்திரம் எழுதியதைச் சரிபார்ப்பது பெருகியது. பாதி வேலை முடிந்துதானே வருகிறது என்று வரிக் கூலியைக் குறைத்தார்கள். பல இடங்களில் ஏறத்தாழப் பாதியாகவே குறைத்தார்கள். இந்த நியாயத்தில் ஓட்டை இருக்கிறது. தானே தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு சொல்லும் காது வழியாக நுழைந்து விரல் வழியாக வெளியே போகிறது. இயந்திரம் எழுதிக் கொடுத்த பக்கத்தில் எழுத்துப் பிழை இருக்காது. வாக்கியம் வழுவழுவென்று இருக்கும். ஹைப்போ என்று மருத்துவர் சொன்னது ஹைப்பர் என்று ஆகியிருக்கும். அர்த்தம் நேர் எதிராகிவிட்டது, கண்ணுக்கு உறுத்தவில்லை. மேக்வொர்த்தின் கடிகாரம்தான் இது: முள் எப்போதாவது ஒருமுறை தாவும், அதற்காக நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். வேலை கடினமாகி, கூலி இறங்கியிருக்கிறது. இப்போது மொழிபெயர்ப்பிலும் மெய்ப்பிலும் வசன வரியிலும் இதே கதை தொடங்கிவிட்டது.

அப்படியென்றால் துல்லியமும் வளைந்துகொடுக்கும் நேரமும் சேர்ந்து இருக்கவே முடியாதா? முடியும். இருக்கிறது. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், லாரன்ஸ் கட்ஸோடு சேர்ந்து அமெரிக்க மருந்தாளுநர்களைப் பற்றி 2016இல் எழுதிய ஆய்வு இதைக் காட்டுகிறது. மாத்திரையின் அளவு பிசகக் கூடாத வேலை. அதில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். குறைந்த நேரம் வேலை செய்வதால் மணிக்கூலி பெரிதாகக் குறைவதில்லை. ஆண், பெண் சம்பள இடைவெளியும் மற்ற உயர் தொழில்களைவிட மிகக் குறைவு. மருந்தாளுநர்கள் பொறுமைசாலிகள் என்பதா காரணம்? வேலை அமைக்கப்பட்ட விதம்தான் காரணம். தனிக் கடைகள் குறைந்து பெரிய மருந்தகங்களும் மருத்துவமனைகளும் வந்தன. நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்தது. அவர்களுக்குச் சம்பளம் மணிக்கணக்கில். மாத்திரைக்கு இவ்வளவு என்று இல்லை. சீட்டில் சந்தேகம் இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கூப்பிட்ட நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

நிறுத்தும் உரிமை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் மரபில் பிழையற்ற பதிப்புக்குப் பெயர் போனவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவருடைய புலமையைப் புகழ்கிறவர்கள் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: அச்சகம் அவருடையது. 1849இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிப் போய் வண்ணார்பண்ணையில் நிறுவினார். பிழை கண்டால் அச்சிடுவதை நிறுத்த அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்றைய வீட்டு மெய்ப்பாளர் தாம் திருத்திய பக்கம் அச்சேறும் தேதியைக்கூட அறியமாட்டார். நிறுத்தச் சொன்னால் அடுத்த நூல் வராது.

கடைசியாக ஒரு கேள்வி எப்போதும் வரும்: இதையும் வேண்டாம் என்றால் வெளியே வர முடியாதவர்கள் சும்மா உட்காரட்டுமா? வேறு வழி இல்லாதவருக்குக் கிடைத்ததெல்லாம் லாபம் என்ற இந்த வாதம், கேட்பதற்குக் கருணை போல இருக்கும். பீடி சுற்றிய பெண்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அதனால்தான் அவர்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது. வழி இல்லாமை கூலியைக் குறைப்பதற்குக் காரணமாகக் கூடாது. பாதுகாப்பைக் கூட்டுவதற்குத்தான் அது காரணமாக வேண்டும்.

என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். பக்கக் கூலிக்குக் கீழே மணிக்கணக்கில் ஓர் அடிப்படைக் கூலி. காலியிடம் விட்டுக் கேள்வி எழுப்பினால் அதற்கும் கூலி; மதிப்பெண் குறைக்கக் கூடாது. நிராகரித்தால் எந்த வரியில் என்ன பிழை என்று எழுத்தில் காரணம். அந்த முடிவை எதிர்த்து முறையிட நிறுவனத்துக்கு வெளியே ஓர் அதிகாரி. முக்கியமான கோப்புகளுக்கு இரண்டாவது ஆளின் கண். பெரிய அளவில் வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு வைப்பு நிதிப் பொறுப்பு. இவற்றில் எதுவும் புதுமை இல்லை. சில, 1966இலிருந்து 1985வரை பீடித் தொழிலில் வாதாடி வென்றவை.

பட்டியலை அச்சிடும் இதழ்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ‘வீட்டிலிருந்தே செய்யலாம், கவனம் இருந்தால் போதும்’ என்று எழுதும்போது, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று விவரங்களைப் போடட்டும்: அலகுக்கு எவ்வளவு கூலி, கவனமாகச் செய்கிறவரால் மணிக்கு எத்தனை அலகு முடியும், நிராகரிக்கப்பட்டால் யாரிடம் போய் முறையிடுவது. மூன்றாவது விவரத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும்வரை அந்தப் பட்டியலை வெளியிடாமல் இருக்கட்டும்.